கூடார முகாம் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்: அந்தச் சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஐப்பசி மாத இரண்டாம் சனிக்கிழமை இரவு, மலையடிவார ஓடைக்கரையில் உள்ள உங்கள் முகாமில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். காவல்காரப் பெரியவர் சொல்லியிருப்பார். நாங்களும் இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டோம். அவற்றுக்குப் பதில் வரவில்லை. மாறாக, கூடாரங்கள் இரண்டு கிழிந்ததற்காக எங்கள் முன்பணத்தில் 2,400 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது என்னும் குறுஞ்செய்தி வந்தது. ஆகவே எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

மழையை நாங்கள் குறை சொல்லவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மழை புதிதன்று. ஆனால் அன்று காலையிலேயே மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தது. 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். மேலே மலையில் கொட்டினால் அடிவாரத்தில் ஒரு தூறல்கூட விழாமல் ஓடை பெருகும் என்பதையும், ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறிந்து விழும் என்பதையும், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் உங்கள் மேலாளர், “ஒரு சாறல் வந்து போகும்” என்று சொல்லி, ரப்பர் மரங்களுக்கு அடியிலேயே எங்கள் எட்டுக் கூடாரங்களையும் அடிக்கச் செய்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். எச்சரிக்கையைப் பார்த்த பின்னும் அவர் சொல்லை நம்பியது எங்கள் பிழை, அதை மறைக்கவில்லை.

பதினொன்றரை மணிக்குக் காற்று எழுந்தது. முதல் கூடாரம் பறந்தபோதே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அங்கே கான்கிரீட் கூரை போட்ட ஒரே கட்டடமான உங்கள் அலுவலகத்துக்கு ஓடினோம். அது பூட்டிக் கிடந்தது. “சாவி மேனேஜர் கையில இருக்கு மக்களே, நான் என்ன செய்ய?” என்று காவல்காரப் பெரியவர் தலையில் போட்டிருந்த சாக்கோடு நடுங்கிக்கொண்டு நின்றார். மேலாளரைக் கூப்பிட அந்தப் பள்ளத்தில் அலைபேசிக்குச் சிக்னல் இல்லை. சன்னல் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சுருட்டி அடுக்கிய பாய்களும் ஒரு கேஸ் அடுப்பும் நனையாமல் இருந்தன. இரண்டடிச் சன்ஷேடுக்குக் கீழே பத்தொன்பது பேர் நின்றோம். ஆறு குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் முறைவைத்து வெளிப்பக்கம் நின்றோம். எழுபத்தொரு வயது அத்தை ஒருவரைக் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார வைத்தோம். ஒரு கட்டத்தில் எங்கள் பையன்கள் இருவர் பூட்டை உடைக்கக் கல்லை எடுத்தார்கள். காவல்காரர் தடுக்கவில்லை, “உடைச்சா எனக்க வேல போயிரும்” என்று மட்டும் சொன்னார். கல்லைக் கீழே போட்டுவிட்டார்கள். இரண்டே கால் மணி வரை அப்படியே நின்றோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: முகாமில் ஆள் தங்கும் இரவுகளில் அந்தக் கட்டடத்தின் சாவி முகாமிலேயே, காவல்காரர் கையிலேயே இருக்க வேண்டும்.

ரப்பருக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத காலத்தில் தோட்டத்தில் கூடாரம் அடித்து நாலு காசு பார்ப்பதை நாங்கள் தவறென்று சொல்லவில்லை. ஆயினும் இன்று குலசேகரத்திலிருந்து மலை ஏறும் வழியெங்கும் “இயற்கையின் மடியில் ஓர் இரவு” என்று பலகை வைப்பவர்கள், அந்த மடி நனைந்தால் விருந்தினர் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ட்ரோன் படத்துக்குப் பணம் இருக்கிறது, ஒலிபெருக்கிக்கு இருக்கிறது, எச்சரிக்கை நாளில் முன்பதிவை ரத்து செய்ய மட்டும் மனம் வருவதில்லை. திற்பரப்பு அருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டுகிறார்கள்; உங்கள் ஓடைக்கரையில் கயிறு கட்ட யார் இருக்கிறார்கள்? காற்று கிழித்த துணிக்கு எங்களிடம் பணம் வாங்கியவர்கள், நல்லவேளையாக, மழைநீருக்குத் தனிக் கட்டணம் போடவில்லை. மறுநாள் மதியம் ஐந்து நட்சத்திரம் கேட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன்; பொறுத்தருள வேண்டும். மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்வது அந்தச் சாவியைத்தான். எச்சரிக்கை நாட்களில் முன்பணத்தைத் திருப்பித் தருவதும், மரத்தடியை விட்டு வெட்டவெளியில் கூடாரம் அடிப்பதும் உங்கள் யோசனைக்கு உரியவை; சாவிக்கு யோசனை தேவையில்லை. பிடித்தம் செய்த 2,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டாம். மாற்றுச்சாவி ஒன்று செய்ய நூறு ரூபாய்கூட ஆகாது. அதை அந்தப் பணத்திலேயே செய்து, காவல்காரப் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தில் அவருக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
அன்று சன்ஷேடுக்குக் கீழே நின்ற பத்தொன்பது பேர் சார்பில்,
வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர்