வரைபடங்களில் தமிழும் பர்மியமும் ஒன்றாக இடம்பெற உதவியோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

நாங்கள் பயன்படுத்திவரும் வரைபட நூலகத்தின் (புள்ளிவிவரங்களைப் படமாக வரையும் நிரல்தொகுப்பின்) படக்கோப்பு இயக்கியில், அதாவது படத்தைக் கோப்பாகத் தீட்டித் தரும் பகுதியில், இப்போது எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்துருக்கள் முறையாக இயங்குகின்றன. மழையளவையும் நெல் விளைச்சலையும் காட்டும் ஒரே படத்தில் தமிழிலும் பர்மியத்திலும் தலைப்பிட முடிகிறது. இதற்குத் துணைநின்றோருக்கு யாங்கோன் தமிழர் சிலரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பர்மியச் சயா (ஆசிரியர்) ஒருவருக்கு. பழைய இயக்கி, 1967இல் ஆலன் ஹெர்ஷி வெளியிட்ட கோட்டெழுத்துகளைக் கொண்டு, ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்ற கணக்கில் இயங்கியது. தமிழுக்கு அது போதாது: ‘கெ’ என்பதில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும் கொம்பு முன்னால் தெரிய வேண்டும், ‘கொ’வில் ஒரே உயிர்க்குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். பர்மியத்திலும் முன்னால் வந்து நிற்கும் உயிர்க்குறி உண்டு. அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்த ஜோஜி என்ற பழைய பர்மியக் குறியீட்டு முறையிலிருந்து 2019 அக்டோபர் 1 அன்று மியன்மார் நாடு யூனிகோடுக்கு மாறியபோது பழைய கோப்புகளோடு மல்லுக்கட்டியவர் அவர். (நம் பழைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியும் அதே வழியில் வந்ததுதான்.) ஆகவே, வரிசை மாற்றும் விதிகளை இயக்கிக்குள் எழுதாமல், முழுச் சொற்றொடரையும் எழுத்துகளை உரிய வடிவத்திலும் வரிசையிலும் அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நிரலிடம் கொடுத்து, அது தரும் வடிவ எண்களையும் இடங்களையும் கொண்டு எழுத்துருவைப் படமாக்கும் ஃப்ரீடைப் நிரல் வழியே தீட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். அந்தப் பிடிவாதத்தால்தான் இரு மொழிகளுக்கும் ஒரே நிரல் போதுமானதாயிற்று.

நூலகத்தைப் பராமரிப்போருக்கும் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். ‘மழையளவு’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 7 குறியீடு, யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டு. பைட்டுகளை எண்ணி அகலம் கணித்த பழைய பகுதியால் தலைப்புகள் நடுவில் நில்லாமல் இடப்பக்கம் நகர்ந்தன. அதை நீக்கி, உண்மையான அகலத்தை எழுத்துருவிடமே கேட்கும்படி அவர்கள் மாற்றித் தந்தார்கள். நிமிர்ந்த அச்சில் தொண்ணூறு பாகை திரும்பி நிற்கும் தலைப்பும் இதனால் சீராயிற்று. இத்தனை சிறிய பயனர் கூட்டத்துக்காகவா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மோலமைன், தட்டோன், பகோ ஊர்களின் தமிழாசிரியர்களை எப்படிப் பாராட்டுவது? மின்சாரம் இருந்த நேரம் பார்த்து அச்சிட்டு, ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் குறித்து அனுப்பினார்கள். சிறிய அளவில் புள்ளி மறைந்து ‘க்’ என்பது ‘க’ ஆகத் தெரிந்ததைக் கண்டவர்கள் அவர்களே. எழுத்தின் விளிம்பைச் சாம்பல் சாயலோடு தீட்டிய பிறகு அக்குறை நீங்கியது. யார்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் நோட்டோ, லோஹித் எழுத்துருக்களை ஆக்கியோருக்கும் நன்றி.

திரும்பிய தலைப்புகளில் அலகுகளின் மேலெழுத்து இன்னும் சற்றுத் தள்ளியே விழுகிறது. அதற்கான சோதனைத் தாள்கள் அதே ஆசிரியர்களிடம் சென்றுள்ளன.

நன்றியுடன்,
யாங்கோனிலிருந்து ஒரு நிரலாளர்