ஏழாம் கேள்விக்கான விடையைத் திருத்துங்கள்: வினாத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரையாண்டுத் தேர்வுக்கு இயற்பியல் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். ஏழாம் கேள்வி பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். தபாலில் இரண்டு முறை எழுதினேன், போனில் ஒரு முறை பேசினேன். "ஒரு மார்க்தானே சார், விடுங்க" என்றீர்கள். விட முடியவில்லை. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மின்காப்பானை, அதாவது மின்சாரம் கடத்தாத பொருளை, மின்புலத்தில் (மின்னூட்டத்தைச் சுற்றி அதன் விசை எட்டும் இடத்தில்) வைத்தால் அதனுள் மின்புலம் என்னவாகும் என்று கேட்டிருந்தீர்கள். "சுழியாகும்", அதாவது பூஜ்யமாகிவிடும் என்கிறது விடைக்குறிப்பு. சுழியாவது கடத்திக்குள், அதுவும் மின்னூட்டங்கள் நகர்ந்து ஓய்ந்த பிறகு. காப்பானுக்குள் மின்புலம் குறையுமே தவிர அற்றுப்போகாது. உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கருத்து சொல்லும் விஷயமில்லை இது. பிளஸ் டூ பாடநூலின் முதல் அலகிலேயே இருக்கிறது. தயவுசெய்து அந்த விடையைத் திருத்துங்கள்.

"குறையும், சுழியாகாது" என்பதைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் இழந்தவர்களில் என் மாணவி ஒருத்தியும் இருக்கிறாள். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அவள் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். குறுவைக்கு நாற்று விடும் நாட்களில் அவர் கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். பள்ளி விட்டதும் அவள் நேரே கடைக்குப் போவாள். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே செருகும் மஞ்சள் காகிதத்தை அளவு பார்த்து வெட்டி, இரண்டு ஓரமும் மடித்துக் கொடுப்பது அவள் வேலை. கம்பியைச் சுற்றுவது அப்பா வேலை.

ஒருநாள் பழைய காகிதம் ஒன்றை வகுப்புக்கு எடுத்து வந்தாள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை, சுற்றிலும் கருப்பு. "தண்ணி ஏறின மோட்டார் சார். இந்த இடத்துல பேப்பர் தாங்கல" என்றாள். அன்றைய பாடத்தை நான் அந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்கினேன். ஒரு பக்கம் மின்சாரம் ஓடும் செம்புக்கம்பி, மறுபக்கம் தரையோடு சேர்ந்த இரும்பு. இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் முழுவதையும் அந்தக் காகிதம்தான் சுமக்கிறது. ஈரம் ஏறினால் அதன் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பிறகு ஓர் இடத்தில் பொத்துக்கொள்ளும். மின்புலம் காப்பானுக்குள் நுழையவே நுழையாது என்றால் அந்தக் காகிதம் எதற்குக் கருக வேண்டும்? காற்றும் காப்பான்தான். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் பொறி பறக்கும். உள்ளே மின்புலம் இல்லாத பொருளுக்குத் தாங்கும் அளவு என்று ஒன்றை எப்படிச் சொல்ல முடியும்?

பள்ளி அளவில் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். காப்பானில் மின்னூட்டங்கள் ஓட முடியாது, ஆனால் இருந்த இடத்திலேயே கொஞ்சம் விலகி நிற்கும். இந்த விலகலுக்குப் பெயர் முனைவாக்கம். அந்த விலகலால் மேற்பரப்பில், ஓட முடியாமல் கட்டுண்ட மின்னூட்டம் தலைகாட்டும். அதன் புலம் எதிர்த்திசையில் இருப்பதால் உள்ளே மின்புலம் குறையும். மின்னூட்டத்தையும் அது உண்டாக்கும் மின்புலத்தையும் இணைப்பது காஸ் விதி. வெற்றிடத்துக்கு ஒரு காஸ் விதி, காகிதத்துக்கு இன்னொரு காஸ் விதி என்று கிடையாது. கட்டுண்ட மின்னூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். 1837இல் ஃபாரடே ஒன்றுக்குள் ஒன்றாக உலோகக் கோளங்களை வைத்து, ஒரு கருவியில் காற்றும் இன்னொன்றில் அரக்கும் இருக்கும்படி சோதித்தார். அரக்கு வைத்தது அதிக மின்னூட்டம் ஏற்றது. நடுவில் இருக்கும் காப்பானுக்கும் இதில் பங்கு உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மாறும் மின்புலமும் மின்னோட்டம் போலவே காந்தப்புலத்தை உண்டாக்கும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் சொன்ன இடப்பெயர்ச்சி மின்னோட்டமும் இந்த யோசனையின் வழியில் வந்ததுதான். மின்காந்த விசைகளுக்கும் காப்பான்களின் முனைவாக்கத்துக்கும் உள்ள உறவைச் சோதனையில் நிறுவுகிறவருக்குப் பரிசு என்று 1879இல் பெர்லின் அறிவியல் கழகம் அறிவித்தது. இயற்பியலாளர் ஹெர்ட்ஸை மின்காந்த அலைகள் வரை கொண்டுபோன பாதையில் அந்தக் கேள்வியும் இருந்தது. இத்தனை பேர் உழைத்துக் கண்டதைத்தான் விடைக்குறிப்பில் "சுழி" என்ற ஒரே சொல்லில் அழித்திருக்கிறீர்கள்.

விடைத்தாள் கைக்கு வந்த அன்று அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து என் மேசைக்கு வந்தாள். "மார்ச்ல இதே கேள்வி வந்தா எதை சார் எழுதணும்?" என்று கேட்டாள்.

இருபத்தி இரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அன்று எனக்கு வாய் வரவில்லை. சரியானதை எழுது என்றால் மதிப்பெண் போகும். தவறானதை எழுது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? இந்த இடத்தில் ஓர் ஆசிரியரை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதாவது உங்களுக்குப் புரிய வேண்டும்.

அந்தத் தாளைத் திருத்திய நண்பர் வேறு பள்ளிக்காரர். "தப்புன்னு தெரியும், ஆனா குறிப்பை மீறி மார்க் போட எனக்கு அதிகாரம் இல்லையே" என்றார். இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆய்வகத்தைப் பூட்டி வைக்கிறோம், நோட்ஸை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். யோசித்து எழுதிய பிள்ளையைத் தண்டிக்கிறோம். அப்புறம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியல் வரவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். ஒரு மோட்டாரைப் பிரித்து மறுபடி மாட்டத் தெரிந்த பெண் அவள். அவளுக்கா வரவில்லை?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஏழாம் கேள்விக்குச் சரியான விடை "குறையும், சுழியாகாது" என்று எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அப்படி எழுதிய பிள்ளைகள் அனைவருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள். மார்ச் பொதுத்தேர்வுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டுகிறேன்.

சந்தேகம் இருந்தால் நேரில் கூப்பிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, ஒரு கண்ணாடித் தகட்டுக்கு மேலே பிடித்துக் காட்டுகிறேன். தகட்டுக்குக் கீழே கிடக்கும் காகிதத் துணுக்குகள் எழும்பும். மழை ஈரத்தில் சரியாக வராது, வெயில் அடிக்கும் நாளாகச் சொல்லுங்கள். அந்த ஓட்டை விழுந்த காகிதத்தையும் கேட்டு வாங்கி வருகிறேன். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள்.

மரியாதையுடன்,
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்