நாள் தள்ளினால் உடனே பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நாள் கணக்கே நினைவிருக்காது. சென்ற ஆண்டு என் தங்கை மகள் குமட்டல், அசதி, மார்பு கனத்து வலிப்பது எல்லாவற்றையும் பித்தம் என்று நினைத்து இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டே நடவுக்குப் போனாள். கர்ப்பம் என்று தெரியவந்தபோது மூன்று மாதம் முடிந்திருந்தது. இடையில் இடுப்பு வலிக்கு அவளாகவே வாங்கிப் போட்ட மாத்திரைகளை நினைத்தால் இன்னும் பதறுகிறது.

நாள் தள்ளி ஒரு வாரமானால், கர்ப்பச் சோதனை அட்டையில் காலை முதல் சிறுநீரில் சில சொட்டு விட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு கோடு வந்தால் கர்ப்பம்; இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். ஒரு கோடு மட்டும் வந்து, மாதவிலக்கும் வராவிட்டால் சில நாளில் மறுபடி பார்க்க வேண்டும். அடிவயிற்றில் கடும் வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது முதல் வாரங்களில்தான். போலிக் அமில மாத்திரை அப்போதே வேண்டும்.

மருந்துக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படும் மருமகள்கள் இங்கு ஏராளம். நடவுக் காலத்தில் மட்டுமாவது கிராம சுகாதார செவிலியர்கள் சோதனை அட்டையுடன் விடியற்காலையில் தெருவுக்கே வர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யட்டும்.

– ஒரு வாசகி, நீடாமங்கலம்