கணேஷ் லயத்துப் பக்கம் வந்திருந்தால்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

மர்ம நாவலை ஒரு தடவைக்கு மேல் வாசிக்க முடியாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை விடாததால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலை மறுபடி எடுத்தேன். முதல் தடவையைவிட இப்போதுதான் ருசித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த கதை. எழுபதுகளில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இருந்த கட்டுப்பாடு 1977க்குப் பிறகு தளர்ந்து, ஹட்டன் கடைகளிலும் குமுதம் தொங்கிய காலம் அது. ஒரு பிரதி வாங்கினால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சுற்றி அட்டை இல்லாமல்தான் திரும்பி வரும்.

கதாநாயகி லீனாவின் எஸ்டேட்டில் நடமாடுவது பேயா, வேறு ஏதாவதா? துப்பறிய வரும் வக்கீல்கள் இருவரில் வசந்த் பேய்ப் பக்கம், கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம். நாற்பது வருடம் தாண்டிவிட்டது, முடிச்சைச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டீர்கள்: ஹொலோகிராம், அதாவது லேசர் ஒளியில் பதிந்து காட்டும் முப்பரிமாண உருவம். அதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1971இல்தான். சுமார் பத்து வருடத்தில் அதைத் தொடர்கதைக்குள் கொண்டுவந்துவிட்டார் மனுசன்!

ஆனால், விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். லேசர் ஒளியில் ஒளிப்படப் பிளேட்டில் பதிந்த உருவத்தை அந்தப் பிளேட் வழியாகத்தான் பார்க்கலாம். பதியும்போது மேசை மயிரிழை அதிர்ந்தாலும் காரியம் கெட்டது. திறந்த வெளியில் உலாவும் உருவத்தை அதில் உண்டாக்க முடியாது. ஆக, பேயை நம்புவதைவிட ஹொலோகிராமை நம்புவதுதான் கஷ்டம். பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக இருந்த சுஜாதாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அதனால்தானோ என்னவோ, பேயைக் கடைசிவரை முழுதாக விரட்டாமல் விட்டிருக்கிறார். அந்தக் குறும்பு, முடிச்சு தெரிந்த பிறகு வாசித்தால்தான் பிடிபடுகிறது.

பெண்களைக் கண்டதும் வசந்த் அடிக்கும் ஜோக்குகள் மட்டும் இப்போது சகிக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் தோட்டமாக இருந்தால் கணேஷ் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. தோட்ட மனேஜரான துரையின் பங்களாவில் யார் வருகிறார், எந்த அறையில் எத்தனை மணிக்கு லைட் அணைகிறது என்பதெல்லாம் பங்களாச் சமையல்காரரான அப்புவுக்கும் இராக்காவல் வாச்சருக்கும் அத்துப்படி. லயத்தில் ஒரு பிளேன்டீ குடித்திருந்தால் பாதிக் கேஸ் முடிந்திருக்கும்.

அப்படியொரு மர்மத் தொடரை, அப்புவே துப்பறிகிற மாதிரி, மலையக எழுத்தாளர் ஒருவரிடம் கேட்டு வாங்கி உங்கள் ஞாயிறு இதழில் போடுங்களேன். பேய் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.