அந்தக் குட்டிகளுக்குப் பாலூட்டப் போகாதே

அன்புள்ள கயல்,

தென்னாப்பிரிக்காவில் தாயில்லாச் சிங்கக்குட்டிகளை வளர்க்கும் பண்ணைக்குத் தொண்டு செய்யப் போவதாக எழுதியிருந்தாய். முழுப் பணமும் கட்டுவதற்கு முன் அப்பா சொல்வதைக் கேள்.

இப்படிப்பட்ட பண்ணைகளில் பெரும்பாலான குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே பிரித்துவிடுகிறார்கள். காட்டில் குட்டிகள் ஒன்றரை, இரண்டு வருடம் தாயோடு திரியும். அதுவரை தாய் அடுத்த ஈற்றுக்குப் போகாது. குட்டியை எடுத்துவிட்டால் சீக்கிரமே மறுபடி சினைப்பட்டுவிடும். அதற்காகத்தான் எடுக்கிறார்கள்.

புட்டிப்பாலைக் குடித்துவிட்டு அது உன் மடியிலேயே தூங்கிப்போகும். போட்டோவும் அழகாக வரும். நகமும் பல்லும் வலுத்ததும் மடியில் வைக்க முடியாது. சுற்றுலா வருகிறவர்களோடு நடக்க விடுவார்கள். அப்புறம்? பிடரி வளர்ந்த ஆணை வேலி போட்ட இடத்தில் விடுவார்கள், காசு கட்டி வருகிறவன் சுடுவான். மனிதனைக் கண்டால் ஒதுங்கத் தெரியாத மிருகம் அது. எலும்பு, நாட்டு மருந்துக்கு வாங்கும் புலி எலும்புக்கு மாற்றாக லாவோஸ், வியட்நாம் பக்கம் போகும். 2018-ல் தென்னாப்பிரிக்க அரசே 1,500 எலும்புக்கூடுகள் வரை ஏற்றுமதி செய்யலாம் என்றது. மறு வருடம் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2021-ல் அமைச்சர் பார்பரா கிரீசி இந்த வளர்ப்பையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். அதற்குப் பிறகும் பண்ணைகள் மூடப்படவில்லை.

பெரிதானதும் காட்டில் விடுவோம் என்பார்கள். நம்பாதே. வேட்டை பழக்கத் தாயும் இல்லாமல், சேர்ந்து வாழக் கூட்டமும் இல்லாமல், ஆள் பயமும் இல்லாமல் அது எங்கே போய்ப் பிழைக்கும்?

காட்டுச் சிங்க வேட்டை வேறு விஷயம். 2015-ல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் வேட்டையில் கொல்லப்பட்டபோது நீ அழுதாய். எனக்கும் அந்த வேட்டை பிடிக்காது. ஆனாலும் வேட்டைக்கு வருகிறவர்கள் கட்டும் பணம் நின்றால் அந்தக் காடு மாட்டுக்கும் சோளத்துக்கும் போய்விடும் என்பவர்களை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. ஆனால் மாட்டைப் பறிகொடுத்தவன் சிங்கம் தின்னும் என்று செத்த மாட்டில் விஷம் வைப்பது அங்கே நிற்கவில்லை. அவன் கோபத்துக்கு ஒரு பதில் வேண்டும். பண்ணைக்காரனுக்கு இந்த நியாயம்கூடக் கிடையாது. அவன் வேலிக்குள் பிறக்கும் சிங்கத்தால் காட்டில் ஒன்றுகூடக் கூடப்போவதில்லை.

பண்ணைக்கு இரண்டு கேள்வி எழுது: இந்தக் குட்டிகளின் தாய் எங்கே? மூன்று வருடம் முன்பு இங்கே இருந்த குட்டிகள் இப்போது எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் போனால் போகட்டும், அதை நான் அனுப்புகிறேன். நீ சிங்கங்கள் காட்டிலேயே திரியும் க்ரூகர் பூங்காவுக்குப் போ.

அன்புடன்,
அப்பா