செல்லுலோஸ் பூட்டுக்குச் சாவி எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக்டீரியா உண்டாக்கும் செல்லுலோஸைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. தேவை வந்தால் மரபணு விழித்துக்கொள்ளும், செல்லுலோஸ் உற்பத்தி தொடங்கும் என்று முடித்துவிட்டீர்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவையான பாதி விட்டுப்போனது.

வினிகர் பாக்டீரியாவையே எடுத்துக்கொள்வோம். திரவத்தின் மேல் அது போர்த்தும் ஆடை செல்லுலோஸ்தான் என்று 1886-லேயே ஏட்ரியன் பிரவுன் காட்டிவிட்டார். அதைக் கோக்கும் நொதி செல் சவ்வில் தயாராக இருக்கிறது. இழைக்கான மூலப்பொருளான யுடிபி-குளுக்கோஸ் என்ற சர்க்கரைச் சேர்மமும் செல்லுக்குள் கிடைக்கிறது. அப்படியிருந்தும், செல்லை உடைத்து அந்த நொதியைச் சோதனைக் குழாயில் வேலை வாங்கினால் மந்தமாகவே இயங்கியது. எதுவோ குறைந்தது. ஜெருசலேமில் மோஷே பென்சிமானின் குழு பல ஆண்டுகள் துருவி, 1987-ல் அதைப் பிடித்தது: சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு.

இரண்டு ஜிடிபி (GTP) மூலக்கூறுகளை வளையமாக இணைத்து அதைச் செய்வது ஒரு வகை நொதி. வெட்டிப்போடுவது இன்னொரு வகை. எதன் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்து செல்லுலோஸ் கூடும், குறையும். சரி, அது நொதியை எப்படித் தட்டி எழுப்புகிறது? விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2014-ல் யோஹன் சிம்மரின் குழு வெளியிட்ட படிக அமைப்பில் தெரிந்தது இது: சும்மா இருக்கும் நொதியில் கண்ணிபோல் வளைந்த ஒரு புரதப் பகுதி, வேலை நடக்கும் குழியின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நொதியிலுள்ள ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலம்தான் அதை இழுத்துக் கட்டியிருக்கிறது. சைக்ளிக் டை-ஜிஎம்பி வந்து ஒட்டியதும் ஆர்ஜினின் அந்தப் பக்கம் திரும்பிவிட, கண்ணி அவிழ்ந்து யுடிபி-குளுக்கோஸுக்கு வழி திறக்கிறது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை!

மரபணுவுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் சிஎஸ்ஜிடி என்ற புரதம் ஒரு மரபணுவை முடுக்குகிறது. ஆனால் அது செல்லுலோஸ் நொதியின் மரபணு அல்ல, சைக்ளிக் டை-ஜிஎம்பி செய்யும் நொதியின் மரபணு. செல்லுலோஸ் நொதி அதற்குக் காத்திராமல் முன்பே உருவாகியிருக்கும்.

அப்புறம், உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படிப்பவர் தாவரங்களிலும் இதே ஏற்பாடு என்றுதான் நினைப்பார். தாவர நொதியில் இந்த மூலக்கூறு ஒட்டும் பகுதியே கிடையாது. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்