இறக்கத்துக்கு முன் பிரேக் ஆயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் விடுமுறை முடிந்து ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் திரும்புவோர் வான் ரீனன் கணவாயில் நெடுந்தூரம் இறங்க வேண்டும். அங்கே பெடல் திடீரெனப் பஞ்சுபோல் அமுங்கினால், பெரும்பாலும் காரணம் பழைய பிரேக் ஆயில்தான்.

அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக. டாட் 4 எனும் தரத்திலுள்ள புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கொருமுறை முழுவதும் மாற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. திறந்து வைத்த பழைய போத்தல் வேண்டாம். டாட் 5 சிலிக்கோன் வகை, இதனோடு சேரவே கூடாது.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் பேடை அழுத்தும் கேலிப்பரின் ஊசி (பின்) இறுகியிருக்கலாம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல், தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறுங்கள். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்